முடி மெலியுறவங்க ஷாம்பு, கண்டிஷனர் போட்டா என்ன ஆகுது?

ஜாலிமேல்முடி
'வால்யூம்'னு எழுதின பாட்டில், முதல் அலசல், பாத்ரூம் ஜாலியில ஒரு உருண்டை. அதைப் பார்த்துட்டு பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி உதிர்றது சாதாரணம். மூணு நாள் தலைக்கு ஊத்தலைன்னா, உதிர்ந்து உள்ளேயே சிக்கிக் கிடந்தது மொத்தமா அன்னிக்குத்தான் இறங்கும்.

எண்ணாதீங்க, முனையைப் பாருங்க. பத்து முடியைக் கறுப்புத் துணியில வச்சா, நுனியில வெள்ளையா குண்டூசி முனை அளவு குமிழ் தெரிஞ்சா வேரோட வந்தது. குமிழே இல்லாம குட்டையா கிடந்தா ஒடிஞ்சது. ஒடியறதைக் கண்டிஷனர் குறைக்கும். வேரோட வர்றதை, கழுவி விடுற எந்தக் கண்டிஷனரும் நிறுத்தாது.

பார்லர் நாற்காலி
கண்டிஷனரை எங்க போடணும்னு சொல்லவே இல்லையே! உச்சியில தேய்ச்சுட்டு வர்ற தலை, உக்காந்ததுமே தெரிஞ்சுடும். வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் பட்டை பட்டையா ஒட்டிக்கிட்டு, நடுவில மண்டை பல்லைக் காட்டும். மெலிஞ்ச முடி இன்னும் மெலிஞ்சாப்ல இருக்கும்.

முடியில மைனஸ் சார்ஜ், கண்டிஷனர்ல இருக்கிற பெஹென்ட்ரைமோனியம் குளோரைடுல பிளஸ். அதான் அலசினாலும் கொஞ்சம் தங்கிடுது. மெல்லிசு முடி அந்தக் கனத்தைத் தாங்காது.

தோள் வரைக்கும் முடின்னா ஒரு டீஸ்பூன். முதல்ல தண்ணியை நல்லா பிழிஞ்சு விடுங்க, சொட்டச் சொட்டப் போட்டா வழுக்கிட்டுப் போயிடும். காதுக்குக் கீழ மட்டும் தடவி, ரெண்டு நிமிஷம் விட்டு, அகலப் பல் சீப்பால ஒரு இழுப்பு, அப்புறம் அலசல். அப்பவும் படுத்துக்கிட்டா வரிசையை மாத்துங்க: முதல்ல கண்டிஷனர், அலசிட்டு ஷாம்பு. குளிச்சதும் துண்டை முறுக்கிக் கொண்டை போடுறதையும் விடுங்க. ஈர முடி இழுத்த இழுப்புக்கு நீண்டு பட்டுனு போகும்.

போர்த்தண்ணி
எல்லாம் சரி, தண்ணியைப் பத்தி யாரும் பேசலை. உப்புத்தண்ணியில ஷாம்பு சரியா நுரைக்காது. நுரைக்கலையேன்னு இன்னொரு தடவை ஊத்துவாங்க. கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல படிஞ்சு சொரசொரன்னு ஆகி, சிக்கெடுக்கிறப்ப ஒடியும். ஷாம்புவை அரை டம்ளர் தண்ணியில கலக்கி ஊத்துங்க. கடைசி ரெண்டு சொம்பு நல்ல தண்ணியா இருக்கட்டும்.

சீயக்காய்க் கட்சி
இதுக்குத்தான் சீயக்காய்னு பாட்டிங்க தலையால அடிச்சுக்கிட்டாங்க.

பார்லர் நாற்காலி
@சீயக்காய்க் கட்சி நைசா அரைபடாத தூளைப் போட்டு எண்ணெய் போறவரை பரபரன்னு தேய்ச்சா, மெல்லிசு முடிக்கு உப்புக்காகிதம் போட்ட மாதிரிதான். ஊற வச்சு, துணியில வடிகட்டி, அந்தத் தண்ணியை மட்டும் ஊத்துங்க. திப்பி வேண்டாம்.

மருந்துக்கடை
முதல் பதிவில ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பொடுகு, அரிப்போட கொட்டுதுன்னா 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சையை அடக்குற மருந்து) ஷாம்புக்கு வேலை இருக்கு. ஆனா போட்ட கையோட அலசுறதுதான் தப்பு. மண்டைத் தோல்ல 3-லிருந்து 5 நிமிஷம் நிக்கணும், வாரத்துக்கு ரெண்டு தடவை, 2-லிருந்து 4 வாரம். முடி வறண்டுபோகும், நுனிக்குக் கண்டிஷனர் போட்டுக்கலாம்.

காஃபின் ஷாம்புன்னு கேக்கறவங்களுக்கு: 'முடி கொட்டுறதைக் குறைக்கும்'னு ஒரு காஃபின் ஷாம்பு விளம்பரம் பண்ணினதை 2018-ல பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு நிறுத்தச் சொல்லிடுச்சு. '15 நாளில் புதுமுடி'ங்கறதும் அப்படித்தான். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், 15 நாள்ல அரிசி மணி நீளம்.

காய்ச்சலோ பிரசவமோ ஆகி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக் கொத்தா வந்தா, பெரும்பாலும் தானே அடங்கும். அடங்கலைன்னா ஷாம்பு மாத்துறதுக்கு முன்னாடி ரத்தத்துல ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்க. வகிடு மட்டும் வருஷா வருஷம் அகலமானா தோல் டாக்டர்தான். அவர் மினாக்சிடில்னு முடி வளர மண்டையில தடவுற மருந்து எழுதினா காஞ்ச மண்டையில போடணும், முடிமேல இல்ல. முதல் சில வாரம் கூடுதலாவே கொட்டலாம், அதுல பயந்து நிறுத்திடறாங்க. பலன் தெரிய நாலு மாசமாவது ஆகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் தொடக்கூடாது. அப்புறம்...

ஜாலிமேல்முடி
சார், மினாக்சிடில் யாரும் கேக்கலை. பார்லர் மேடம், இடுப்பு வரைக்கும் முடின்னா எத்தனை டீஸ்பூன்?

பார்லர் நாற்காலி
மூணு. மெல்லிசா இருந்தா ரெண்டு.