"பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கிறது" என்று ஒரு மெயில்

கணக்குப்பிள்ளை, திருப்பூர்:

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். தைவானிலிருந்து நிட்டிங் மெஷின் வாங்கினோம். பாக்கிப் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் அந்தப் பார்ட்டியிடமிருந்து மெயில். எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள் என்று. புது மெயில்கூட இல்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மெயிலுக்கே ரிப்ளையாக வந்திருந்தது. கீழே எங்கள் விலைப் பேரம், இன்வாய்ஸ் நம்பர் எல்லாம் அப்படியே. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எதிலும் குறை சொல்ல முடியாது.

அது மோசடி மெயில் என்று கண்டுபிடித்தவர் டாக்குமெண்ட்ஸ் பார்க்கும் பெண். "சார், தைவான்காரங்களுக்கு எதுக்கு ஜிபி-ன்னு ஆரம்பிக்கிற ஐபேன்?" என்று கேட்டார். ஜிபி என்றால் பிரிட்டன். ஐபேன் என்பது நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் சர்வதேச பேங்க் கணக்கு எண். தைவானில் அந்த முறையே கிடையாது. வெளிநாட்டுப் பணம் அனுப்ப பேங்கை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் காட்டும். 'டிடபிள்யூ' இருக்க வேண்டிய இடத்தில் அங்கேயும் ஜிபிதான். அப்புறம்தான் அனுப்பிய முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 'எம்' வர வேண்டிய இடத்தில் சின்ன 'ஆர்', சின்ன 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். சாதாரண அளவில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

தைவான் பார்ட்டியின் பழைய விசிட்டிங் கார்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். மெயிலில் இருந்த நம்பருக்குப் போட்டிருந்தால் அந்தத் திருடனே எடுத்து "ஆமாம், மாற்றிவிட்டோம்" என்றிருப்பான். எங்கள் மெயில் செட்டிங்ஸைத் தோண்டியபோது, 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கு ஃபார்வர்டு ஆகும்படி யாரோ ரூல் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் இந்த ரூல் போய்விடாது, தனியாக அழிக்க வேண்டும்.

கரூர்க்காரன்:

உங்களுக்கு மெயில், எங்களுக்கு வாட்ஸ்அப். முதலாளியின் படம், புது நம்பர், "மீட்டிங்கில் இருக்கேன், கூப்பிடாதே, இந்தக் கணக்குக்கு உடனே ஆர்டிஜிஎஸ் போடு." கேஷியர் தம்பி போட்டுவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? முதலாளி நிஜமாகவே அப்படித்தான் மெசேஜ் போடுவார்! சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தோம், பேங்குக்கும் எழுதிக் கொடுத்தோம். அதற்குள் பணம் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. எல்லாம் மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட கணக்குகள். எடுக்காமல் மிச்சம் கிடந்ததை மட்டும் முடக்கினார்கள். அதை வாங்கவும் கோர்ட் உத்தரவுக்கு அலைய வேண்டியிருந்தது.

ரிட்டயர்டு பேங்கர்:

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைப்பார்கள். பெயர் வேறாக இருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயர் வந்தால் படியுங்கள் ஐயா, பாதிப் பேர் ஓகே அழுத்துவதிலேயே குறியாக இருக்கிறார்கள்.

பேங்குகளும் தப்பவில்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்து மூன்று பரிமாற்றங்களில் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் அனுப்பப் பார்த்தார்கள். துபாய்க்குப் போனது நடுவிலேயே தடுக்கப்பட்டது. மற்றவை துருக்கிக்கும் சீனாவுக்கும். மறுநாள் கணக்கு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரியவந்தது.

கம்பெனிகளில் நான் பார்த்த பெரிய கூத்து வேறு. ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று பேங்க் இரண்டு யூசர் ஐடி கொடுக்கும். இரண்டு பாஸ்வேர்டும் ஒரே டைரியில், ஓடிபி வரும் பட்டன் போனும் அதே டிராயரில். முதலாளி வெளியூர் போனால் வேலை நிற்கக் கூடாதாம்!

கணக்குப்பிள்ளை, திருப்பூர்:

சார், எங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கிறீர்களா? அந்த ஓடிபி போன் இப்போது முதலாளி பையில். அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கித் திரிகிறார். ஆனால் அந்தப் பெயர் காட்டும் வசதி ஆர்டிஜிஎஸ், நெஃப்டுக்குத்தானே, வெளிநாட்டுப் பணத்துக்கு இல்லையே? அதனால் தைவான் பார்ட்டிக்கு ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறோம். ஐஎஸ்டி பில் எகிறுகிறது, பரவாயில்லை.