பேரை நீங்க சொல்லாதீங்க, அவங்களைச் சொல்ல விடுங்க

நர்சிங் முடிச்சு காரைக்குடியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்த புதுசு. மூணு நாள் பேஷன்ட் சேஃப்டி ட்ரெயினிங் குடுத்தாங்க. கை கழுவுறது, நோயாளி கீழ விழாம பாத்துக்கிறது, மருந்து குடுக்கும்போது ரெண்டு அடையாளம் பாக்கணும், பெட் நம்பர் அடையாளமே இல்லன்னு எல்லாம் சொன்னாங்க, நானும் நோட்ல எழுதிக்கிட்டேன்.

அடுத்த வாரமே வார்டுல ரெண்டு மீனாட்சி ஆச்சி. நம்ம பக்கம் இது சகஜம்தானே, அப்பத்தா பேரை பேத்திக்கு வைக்கிறதால அதே நாலஞ்சு பேருதான் திரும்பத் திரும்ப வரும். ஒருத்தங்களுக்கு மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 12 யூனிட் இன்சுலின். நான் ட்ரேயோட போயி "மீனாட்சி ஆச்சிதானே?"ன்னேன், "ஆமாத்தா"ன்னு கையை நீட்டிட்டாங்க. பஞ்சு வச்சுத் தொடச்சாச்சு, ஊசி மூடியும் கழட்டியாச்சு, அப்பத்தான் பின்னாடி வந்த சீனியர் அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. வளையலுக்குள்ள சுருண்டு கெடந்த அடையாளப் பட்டையைத் திருப்பிப் பாத்தா ஐபி நம்பர், அதான் ஆஸ்பத்திரியில சேரும்போது குடுக்கற நம்பர், வேற. இவங்க முழங்கால் ஆபரேஷனுக்கு வந்தவங்க, சுகரே கிடையாது.

எனக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல. அக்கா திட்டல, உக்கார வச்சு நியர் மிஸ் ஃபார்ம், அதான் நடக்க இருந்து நூலிழையில தப்பிச்ச தப்பை எழுதுற ஃபார்ம், எழுத வச்சாங்க, வேலை போயிடுமோன்னு அழுதுக்கிட்டேதான் எழுதினேன், யாரும் ஒண்ணும் சொல்லல, மறுநாளே ஒரே பேர் இருக்கற ஃபைல்ல எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே இன்சுலின் சிரிஞ்சு ரெண்டு வகையையும் பக்கத்துல வச்சுக் காட்டுனாங்க, சிவப்பு மூடி ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கற 40 குப்பிக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில 100 யூனிட் இருக்கற 100 குப்பிக்கு. 100 குப்பி மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 12 கோடு இழுத்தா உள்ள போறது 30 யூனிட். காலேஜ்ல படிச்சதுதான், ஆனா கண்ணால பாத்தப்பதான் பயம் வந்துச்சு.

குழந்தைங்க வார்டுல இன்னும் கவனமா இருங்க. மாமியார் பேரை வச்ச பிள்ளையை அம்மா அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, வீட்டுல வேற பேர் இருக்கும், ஃபைல்ல வேற இருக்கும். பட்டையைப் பாக்காம எதுவும் குடுக்காதீங்க.

இப்ப புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். போன வாரம் ஒரு ஆச்சி "நேத்துத்தானே பேர் சொன்னேன், தெனம் கேப்பியா?"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு பட்டையைப் பிடிச்சுக்கிட்டே "இன்னொரு தடவை சொல்லுங்க ஆச்சி"ன்னு அவங்க சொல்ற வரைக்கும் அப்படியே நின்னுச்சு.