பெயரை வெட்டினால் சாதி போய்விடுமா?

கரிசல்காட்டான்:
நாங்குநேரியில் 2023இல் கூடப் படித்த பையனையே சாதி வெறியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்களே, அதற்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. உடனே சிலர் குதித்தார்கள். இதில் புதுசாக என்ன இருக்கிறது? 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. இன்று பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயரும் இனிஷியலும்தான் இருக்கிறது. கயிறுக்கும் அதே வைத்தியம்தான்.

பொட்டல்வாசி:
பதிவேட்டில் இல்லை, சரி. எங்கே போனது? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருவர் கேட்டார், சொந்த ஊர் எது? சொன்னேன். ஊருக்குள் எந்தப் பக்கம்? சொன்னேன். கோயில் பக்கமா, கம்மாய்ப் பக்கமா? அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என் டிபன் பாக்ஸ் பக்கம் அவர் கை நீளவே இல்லை. பட்டம் இருந்திருந்தால் மூன்று கேள்வி மிச்சமாகியிருக்கும். கயிறைத் தடுத்தால் பனியன் கலர் வரும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரும்.

கரிசல்காட்டான்:
நேராகக் கேட்கக் கூசி மூன்று கேள்வி சுற்றி வளைக்கிறான் பாருங்கள், அந்தக் கூச்சம் சும்மா வந்ததா தம்பி?

கறுப்புக்கோட்டு:
இரண்டு பேரும் பட்டத்திலேயே தொங்குகிறீர்கள். அந்த இயக்கம் கை வைத்த முக்கியமான இடம் கல்யாணம். அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்த்தார்கள். ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம், சொந்தமோ நண்பர்களோ முன்னால் நின்று, தெரிந்த மொழியில் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் வக்கீல் அலுவலகத்தில் நடந்தால் செல்லாது என்றது, 2023இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, வக்கீலும் நண்பராக நின்று நடத்தி வைக்கலாம் என்றது. வீட்டுக்குப் பயந்து ஓடி வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

பொட்டல்வாசி:
சார், ஜோடியில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் 7ஏ கிடையாது. சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ், அதைப் பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுவார்கள். ஓடி வந்தவன் எங்கே ஒளிவான்? அப்புறம் இன்னொன்று. எங்கள் மாமா அந்தக் காலத்துக் கறுப்புச் சட்டை. வீட்டுக் கல்யாணம் மூன்றுமே சுயமரியாதை முறை, மேடை, மைக், இரண்டு மணி நேரப் பேச்சு. மூன்று மாப்பிள்ளைகளும் சொந்த அத்தை மகன்கள்!

கறுப்புக்கோட்டு:
30 நாள் விஷயம் உண்மை, மறுக்க முடியாது. மாமா விஷயத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. :)

பொட்டல்வாசி:
கரிசல் அண்ணே, போன மாதம் பையனுக்கு வரன் பார்க்கிறேன் என்று இங்கேதான் எழுதியிருந்தீர்கள். மேட்ரிமோனி தளத்தில் சாதி என்கிற கட்டத்தில் என்ன போட்டீர்கள்?

கரிசல்காட்டான்:
வீட்டம்மா போட்டது. 'எதுவும் சரி' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.