தூரத்திலிருந்து இன்னொருவர் கணினியை இயக்க உதவும் ரிமோட் உதவி மென்பொருள் போட்டபோது நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

கருப்புத்திரை:
அப்பாவின் கணினியில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. குயிக் அசிஸ்ட் என்ற விண்டோஸ் ரிமோட் உதவி மென்பொருளைத் திறக்கச் சொன்னேன். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினார், நான் சொன்ன குறியீட்டை அடித்தார், அவர் திரை என்னிடம் வந்துவிட்டது. பிரிண்டரை இயக்கும் நிரலான டிரைவரை நிறுவப் போனதும் என் பக்கம் முழுக்கக் கருப்பு. நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியை விண்டோஸ் தனித் திரையில்தான் காட்டும், உதவுகிறவருக்குத் தெரியாது. "ஒரு பெட்டி வந்திருக்கும்ப்பா, யெஸ் அழுத்துங்க" என்றேன். பதிலே இல்லை. பிறகு, "நோ அழுத்திட்டேன். இந்த மாதிரி எது வந்தாலும் நோ அழுத்துன்னு நீதானே சொன்ன?" என்றார். மறுபடி முயன்றோம், மறுபடியும் நோ. "போன்ல யார் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னும் சொன்ன." டிரைவர் இன்னும் ஏறவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

மெனுபட்டை:
எனக்கு வந்தது கருப்பு இல்லை, வால்பேப்பர். அக்காவின் மேக். "இத்தனை விண்டோ திறந்து வச்சிருக்கேன், ஒண்ணுமே தெரியலையா?" என்கிறாள். எனக்குத் தெரிந்தது ஒரு மலையும் மேலே மெனு பட்டையும். 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்து திரைப்பதிவு அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதையும் அந்தப் பக்கம் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மென்பொருளை மூடித் திறக்கச் சொல்கிறது, மூடினால் இணைப்பு போய்விடுகிறது. திரும்ப வந்தால் மவுஸ் அசையவில்லை, அதற்கு அக்சசிபிலிட்டி என்று இன்னொரு அனுமதி. "இவ்வளவும் நானே தேடிப் பண்றேன்னா, மிச்சத்தையும் நானே பண்ணிக்கிறேன்டா" என்றாள். பண்ணியும் விட்டாள்.

நேரடிஇணைப்பு:
விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கும்போது குறியீடு, அனுமதி என்று எதற்கு அலைகிறீர்கள்? ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வரும் எண்ணிட்ட வாசலை, வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிட்டேன், எங்கிருந்தாலும் உள்ளே போய்விடுவேன். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் கிடையாது. ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் புரியவில்லை. அவசரமாக ஒரு கோப்பு தேவைப்பட்ட நேரத்தில், நிறைய முறை தவறாக நுழைய முயன்றதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தது. நான் அன்றைக்கு அதுவரை கடவுச்சொல்லைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகத் திறந்துகொண்டது. விண்டோஸ் கோளாறு என்று நினைக்கிறேன்.

ஏழாம்அடுக்கு:
நேரடிஇணைப்பு அவர்களே, கோளாறு இல்லை சார், யாரோ உங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணினியில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள், அது தோல்வியடைந்த நுழைவு. இணையம் முழுக்க 3389ஐத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து, பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டுவதுதான் இயல்பு அமைப்பு. உங்களைக் காப்பாற்றியதே அந்தப் பூட்டுதான். 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர வழி இருந்தது, அதன் தீவிரத்தால் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று யாராவது வருவார்கள். போதாது, தட்டுகிறவர்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் (இணையத்துக்குள் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) போட்டு அதற்குள்ளிருந்து வாருங்கள். அப்புறம், பெற்றோருக்கு உதவ இது ஆகவே ஆகாது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து இப்படி உள்ளே வர முடியாது, ப்ரோ வேண்டும். ப்ரோவிலும் நீங்கள் நுழைந்தவுடன் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஒருமுறை காட்டப் போனேன், "கம்ப்யூட்டர் என்னை வெளியே தள்ளிடுச்சு" என்றார். அதிலிருந்து அவர் என்னிடம் உதவி கேட்பதில்லை.

இரவுப்பணி:
போர்ட் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் சித்தியின் கணினியில் நான்தான் ஒரு ரிமோட் மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தேன். மவுஸ் தானாக நகர்ந்தால் பயப்படாதீங்க, நான்தான் என்று பழக்கியும் இருந்தேன். ஒருநாள் வேலையில் இருக்கும்போது போன். "என்னப்பா, இந்த நேரத்துல பேங்க் பக்கத்தையெல்லாம் திறக்கிற?" நான் திறக்கவில்லை. கணினி நிறுவனத்திலிருந்து பேசுவதாக யாரோ அழைத்து, அதே மென்பொருள் திரையில் காட்டும் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஏற்கெனவே இருந்ததால் புதிதாக நிறுவச் சொல்லும் சிரமமும் அவனுக்கு இல்லை. வயரைப் பிடுங்கச் சொன்னேன், பிடுங்கினார். பணம் தப்பியது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. அவர் பார்வையில் இரண்டு மவுஸும் ஒன்றுதானே?

பூட்டுச்சாவி:
இரவுப்பணி, கணினியைத் திரும்ப இணைக்கும் முன் மற்றொரு சாதனத்திலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், உலாவியில் சேமித்தவை உட்பட. வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லாமலே உள்ளே வரும் வசதிக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அமைப்பில் அனுமதிப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் எண்ணை மட்டும் சேர்த்தால் மற்றவர் அழைப்பு அவர் திரைக்கே வராது. விண்டோஸோடு தானாகத் தொடங்குவதையும் நிறுத்துங்கள், தேவைப்படும்போது அவரே திறக்கட்டும். அவன் வேறு ஏதாவது நிறுவிவிட்டுப் போனானா என்று பார்ப்பதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவது நிம்மதி. முக்கியமாக, நீங்கள் ஒருபோதும் அழைக்காதீர்கள், உதவி வேண்டுமென்றால் அவர் உங்களை அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை, கேட்டதும் சொல்லத் தோன்றியது.

நேரடிஇணைப்பு:
4625 பார்த்தேன். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறது, நான் கேள்விப்படாத பயனர் பெயர்களெல்லாம் இருக்கின்றன. போர்ட்டை மூடியாகிவிட்டது. ஆனால் ஏழாம்அடுக்கு சொன்ன "ஆகவே ஆகாது" என்பதை ஏற்க மாட்டேன். ப்ரோவில் ஷேடோ என்று ஒரு முறை உண்டு, எதிரில் இருப்பவர் திரை பூட்டாமலே இருவரும் பார்க்கலாம். அம்மாவிடம் அதைக் காட்டிப் பார்த்தீர்களா?