'துறமுகம்' பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, ராஜீவ் ரவி இயக்கி நிவின் பாலி நடித்து 2023ல் வந்த 'துறமுகம்' மலையாளப் படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்ற உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் விட்டெறிவார்கள், பிடித்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை என்பதால் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்ளும் அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. படம் நீளம்தான், அது வேறு விஷயம்.

படத்தில் வரும், இந்தச் சாப்பா முறையை எதிர்த்துப் போராடிய கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்ட 1953 மட்டாஞ்சேரி துப்பாக்கிச்சூடு பற்றித் தமிழில் ஏதாவது புத்தகமோ கட்டுரையோ உண்டா? அப்புறம், படத்துக்கு மூலமான கே.எம். சிதம்பரன் நாடகம் எங்கே கிடைக்கும்? என் மலையாளம் பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான், ஆனாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்கிறேன்.