ஓரியூர் செம்மண்: உங்கள் வீட்டில் கேட்ட கதை எது?

திருவாடானைக்காரன்

ஓரியூர் அருளானந்தர் கோயில் மண்ணைப் பற்றி நம் கடற்கரைப் பக்கம் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். பெரியவர்கள் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சமாவது எழுதி வைத்துவிடுவோம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லிஸ்பனில் 1647-ல் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. கத்தோலிக்கத் துறவற சபையான சேசு சபையில் குருவாகி, மறவர் நாடு என்ற நம் ராமநாதபுரம் பக்கம் வந்தார். காவி கட்டி, மரக்கறி மட்டுமே சாப்பிட்டு, அருளானந்தர் என்ற பெயரில் ஊர் ஊராகப் போனார். அப்போது ராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி. 1693 பிப்ரவரி 4-ல், ஓரியூரில் பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். அன்று விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். அவர் ரத்தம் விழுந்து சிவந்த மணல் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

எங்கள் அப்பத்தா இதோடு நிறுத்த மாட்டார். ஓரியூரில் அதிகாரம் செய்தவர் சேதுபதியின் தம்பி உடையார்தேவர். அவருக்குத் தொழுநோய் இருந்ததாம். வெட்டு முடிந்த பிறகு அவர் மனைவி அந்த மண்ணை எடுத்து வந்து பூசிவிட, நோய் இறங்கிவிட்டதாம். 'வெட்டச் சொன்னவனுக்கே மருந்து கொடுத்த சாமிடா' என்று அப்பத்தா சொல்லும்போது குரல் கம்மிவிடும். எனக்கு அந்தக் கோயிலில் பிடிப்பு வந்ததே அந்த ஒரு வரியால்தான்.

நான் கண்ணால் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகனுக்குக் கால் முழுக்கச் சிரங்கு. அம்மா அவனை ஓரியூருக்குத் தூக்கிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் பொடிமணல்தான். காய்ந்திருக்கும்போது வெளிறிய சிவப்பு, தண்ணீர் பட்டதும் நிறம் சட்டென்று கூடும். அம்மா அதை உள்ளங்கையில் குழைத்து முழங்காலிலிருந்து கீழே பூசினார். பக்கத்தில் மொட்டை போட்ட குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, நெற்றி நிறையத் திருநீறு, 'கண்ணை மூடிக்கடா, சாமி பார்த்துக்குவாரு' என்று இவனைத் தட்டிக்கொடுத்தார். டாக்டர் கொடுத்த களிம்பும் போட்டோம், மண்ணும் பூசினோம். புண் ஆறியது. எது கேட்டது என்று அம்மாவிடம் கேட்டேன். 'ரெண்டையும் கொடுத்தது அவருதானே' என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சோளியக்குடி வல்லம்

எங்கள் வீட்டில் அந்த மண் பூசுவதற்கில்லை. மஞ்சள் துணியில் முடிந்து, மீன்பிடிக்கப் போகும் வல்லத்தின் முன்முனையான அணியத்தில் கட்டியிருக்கும். வருசா வருசம் திருநாளுக்குப் போய்ப் புதுமண் எடுத்து வந்து அப்பா முடிச்சை மாற்றுவார்.

ஒரு கார்த்திகை மாதம். வாடை பிடித்துக்கொண்டது, இஞ்சின் நின்றுவிட்டது. இருட்டில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அப்பா முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மண்ணைக் கடலில் போட்டு, 'அருளானந்தரே, பிள்ளைய கொண்டுவந்திருக்கேன்' என்று மட்டும் சொன்னார். காற்று உடனே அடங்கியது என்று நான் எழுத மாட்டேன். ராத்திரி முழுக்க அடித்தது. ஆனால் நங்கூரம் பிடித்தது. பொழுது விடிந்தபோது நம்புதாளைக் கரையைப் பார்த்தோம். அந்த ராத்திரியில் அப்பா கை நடுங்கி நான் பார்க்கவில்லை. சாமி செய்த புதுமை அதுதான் என்பேன்.

ஆர்.எஸ். மங்கலம் மருமகள்

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் மொட்டை ஓரியூரில்தான். மாமியார் வீட்டு வழக்கம் அது.

இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும். கடலாயி. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கும்போது, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று அருளானந்தர் சாமி சொல்லிவிட்டார். மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதிக்கு உறவுமுறையில் மகள். அவள் சேதுபதியிடம் போய் அழுததில்தான் எல்லாம் தொடங்கியது. கதை சொல்கிறவர்கள் அவளைச் சண்டாளி என்றுதான் சொல்வார்கள். என் மாமியார் அப்படிச் சொன்னதே இல்லை. 'கட்டினவன் ஒரு நாள்ல போன்னு சொன்னா பொம்பள எங்கடி போவா?' என்பார். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கடலாயிக்கு என்று தனியாக ஒன்று ஏற்றுவார். இப்போது நான் ஏற்றுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மண்டபம் முகாம் ரோடு

எங்கள் பக்கம் மண்டபத்தை அடுத்த வேதாளை. ஓரியூருக்கு ஏறத்தாழ 150 வருசம் முன்னாலேயே, 1549-ல், அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குருவை அங்கே கொன்றார்கள். சேசு சபையில் மறைக்காக உயிர்விட்ட முதல் மறைசாட்சி அவர்தான். வடுகர் என்ற தெலுங்குப் படை வந்தபோது சனங்களைப் படகில் ஏற்றிவிட்டுத் தான் கரையிலேயே நின்றுவிட்டார் என்று சொல்வார்கள். அவருக்கு இப்படிக் கூட்டம் கூடுவதில்லை. எனக்கு அது பெரிய குறை. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று செபம் சொல்லிவிட்டுப் போங்கள்.

திருவாடானைக்காரன்

அக்கா, கடலாயிக்கு மெழுகுவர்த்தி என்பதை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இன்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'சாமியும் அதுக்குக் கோபப்பட மாட்டாரு' என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சாவதற்கு முந்தின நாள், கரியைத் தண்ணீரில் குழைத்து, குச்சியால் தொட்டுக் கடிதம் எழுதினாரே, அந்த மனுசனுக்கு யார் மேல் கோபம் இருந்திருக்கப் போகிறது?

சோளியக்குடித் தம்பி, மண் முடிச்சைப் பழைய வல்லத்திலிருந்து புது வல்லத்துக்கு மாற்றும்போது ஏதாவது முறை உண்டா? பாசிப்பட்டினம் பக்கம் முதலில் கடல்தண்ணீரில் நனைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.