மறு: 'வில்லிங்னெஸ் டு பே' – 'விருப்பம்' வேண்டாமே

வணக்கம். ஒன்றுக்கு ஒருவர் அதிகபட்சமாக எவ்வளவு தருவார் என்பதைக் குறிக்கும் 'வில்லிங்னெஸ் டு பே' (willingness to pay) என்ற பொருளியல் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'செலுத்தும் விருப்பம்' என்றே வைக்கலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அப்படிப் பொருந்துவதுதான் ஐயா சிக்கல். ஈறு நோய் வராமல் காப்பதற்கு மக்கள் எவ்வளவு தருவார்கள் என்று கேட்கும் வினாத்தாள் ஒன்று என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. 'ஈறோரம் காரை கட்டாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்துகொள்ள எவ்வளவு செலுத்த விருப்பம்?' என்று எழுதி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பணம் கட்ட யாருக்குப்பா விருப்பம் இருக்கும்?" என்றார். போன மாதம் கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, "எவ்வளவு ஆனாலும் சரி, விடிஞ்சதும் கூட்டிட்டுப் போ" என்று மகனை இரவெல்லாம் நச்சரித்தவரும் இவர்தான்.

இங்கே கேட்பது ஆசையை அல்ல, உச்ச வரம்பை. இதற்குமேல் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன் என்று ஒருவர் நிற்கும் இடம் அது.

> 'கட்டுபடி விலை' எப்படி?

கடைத்தெருச் சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கட்டுபடியாவது கையிருப்பைப் பொறுத்தது. ஐந்நூறு ரூபாய் தாராளமாகக் கட்டுபடியாகிறவரும், துப்பும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷை மாற்றிப் பார்ப்பாரே தவிர பல் டாக்டரிடம் போகமாட்டார். அந்த இடைவெளியை அளக்கத்தானே இந்த ஆய்வே!

'தரவொப்பு' என்று நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். கணினிக்காரர்கள் டேட்டாவை ஒப்பிடுவதாக நினைப்பார்கள், விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: 'தர இசையும் தொகை'. இசைவு ஏற்கெனவே அலுவலகத் தமிழில் இருக்கிறது. மனமில்லாமலும் இசையலாம் என்பது இன்னும் வசதி. இதன் இணையான 'வில்லிங்னெஸ் டு அக்செப்ட்' என்பதற்குப் 'பெற இசையும் தொகை'. இழப்பைப் பொறுத்துக்கொள்ள ஒருவர் கேட்கும் குறைந்தபட்சம் அது.

இந்தத் தொகையை மக்களிடம் கேட்டறியும் முறையின் பெயருக்கு வருவோம். 'கன்டிஞ்சென்ட் வேல்யுவேஷன்' என்பதைத் 'தற்செயல் மதிப்பீடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தற்செயல் விடுப்புதான் நினைவுக்கு வந்தது. 'இப்படி ஒரு சேவை கிடைத்தால்' என்ற கற்பனைச் சூழலைச் சார்ந்த மதிப்பு என்பதே பொருள். 'சூழல்சார் மதிப்பீடு' போதும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டியபின், இயற்கைக்கு நேர்ந்த இழப்பை இம்முறையால் மதிப்பிடலாமா என்பது பெரிய வழக்குப்பொருளாயிற்று. 1993இல் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு, 'எவ்வளவு தருவீர்கள்?' என்று வெறுமனே கேட்காமல் ஒரு தொகையைச் சொல்லி ஆம், இல்லை என்று பதில் வாங்கச் சொன்னது. அப்படிக் கேட்டால் வினாத்தாளில் 'இவ்வளவு என்றால் தருவீர்களா?' போதும். கலைச்சொல் அறிக்கைக்கு மட்டும்தான்.

இன்னொன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மா பாக்கணும், நான் ஏன் தரணும்?" என்று சிலர் பூஜ்யம் சொல்வார்கள். பல்லைப் பொருட்படுத்தாதவரின் பூஜ்யமும் இதுவும் ஒன்றல்ல; தனியாக எண்ணவேண்டும். 'எதிர்ப்புச் சுழியம்' என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். மின்சுற்றுப் பாடம் மாதிரி ஒலிக்கிறது. 'மறுப்புச் சுழியம்' தேவலையா?